அவனோடு கைகுலுக்கிய பள்ளி



எச்.ஐ.வி. எப்படிப் பரவுகிறது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், பாடநூலில் படித்ததை அப்படியே ஒப்பிப்பார்கள். ஆனால் அக்கிருமி உள்ள மாணவன் ஒருவன் பக்கத்தில் வந்து அமர்ந்தால்? படித்தது மனத்தை எட்டியதா என்பது அப்போதுதான் தெரியும்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வாழ்ந்த ரயன் வைட், பிறவியிலேயே ஹீமோபீலியா என்னும் இரத்தம் உறையாமை நோய் உள்ளவன். அதற்காகச் செலுத்தப்பட்ட, பிறர் இரத்தத்திலிருந்து எடுத்த மருந்தின் வழியே எச்.ஐ.வி. அவன் உடலில் புகுந்தது. 1984 டிசம்பரில் எய்ட்ஸ் இருப்பது தெரிந்தபோது அவனுக்கு வயது 13. 1985-இல் பள்ளி அவனை உள்ளே விட மறுத்தது. வழக்காடி 1986-இல் திரும்பியபோதும் தனிக் கழிவறை, தனித் தட்டு. ஆலயத்தில்கூட எவரும் தன்னோடு கைகுலுக்கவில்லை என்று 1988-இல் அமெரிக்க அதிபரின் எய்ட்ஸ் ஆணையத்தின்முன் அவன் கூறினான்.

1987-இல் குடும்பம் சிசரோ என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள ஹாமில்டன் ஹைட்ஸ் உயர்நிலைப் பள்ளியில், அவன் வருமுன்னரே மாணவர்களுக்கு நோயைப் பற்றிய விளக்கம் தரப்பட்டது. மாணவர்களே முன்னின்று உதவினர். முதல்நாள் அவனைக் கைகுலுக்கி வரவேற்றனர். 1990 ஏப்ரல் 8 அன்று, 18 வயதில் அவன் இறந்தான்.

அதே சிறுவன், அதே நோய், அதே மாநிலம். ஓரிடத்தில் அச்சம் முந்திக்கொண்டது; மற்றோரிடத்தில் அறிவு முந்திக்கொண்டது.

தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, கொசுக்கடியாலோ எச்.ஐ.வி. பரவாது. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு ஆகியவையே அது பரவும் வழிகள். ரயனுக்குக் கிடைக்காத கூட்டு மருந்துகள் இன்று உள்ளன. அவற்றைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம் பிறருக்குத் தொற்றாது. இந்திய அரசு 2004 முதல் இம்மருந்துகளை இலவசமாக வழங்குகிறது. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிப் பள்ளியில் இடம் மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

சட்டம் வகுப்பில் இடம் தரும், நட்பைத் தராது. தொழுநோயாளரை இயேசு முதலில் தொட்டார், பிறகே அவர் நலமடைந்தார் (மாற்கு 1:41). இன்றிரவு உணவு வேளையில் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "உன் வகுப்பில் அப்படி ஒருவன் இருந்தால் என்ன செய்வாய்?" அவர்கள் பதில் சொல்லும்முன், நம் பதிலையும் நாம் தேடிவைப்போம்.