திருவிளையாடலும் தெருவிளையாடலும்

திரைப்படம் ஒன்று கொட்டகையை விட்டுப் போன பின்னும், அதன் பாட்டுப் புத்தகங்கள் பழைய காகிதக் கடையில் பொட்டலமாய் மடிந்த பின்னும், அதன் பெயர் மட்டும் ஜனங்களின் நாவில் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கிய பெயரை ஒழுங்காக இருக்கவிடும் வழக்கம் நம்மவர்களுக்கு இல்லை. ஓர் எழுத்தைப் பிடுங்கி, வேறோர் எழுத்தை நட்டு, பக்தி ரசம் சொட்டும் தலைப்பைப் பலசரக்குக் கடைப் பாக்கி விவகாரத்துக்கு இழுத்து வந்து நிறுத்துகிற இந்த விநோதக் கலையை, டீக்கடைப் பெஞ்சு முதல் கல்லூரி விடுதி வரை, பத்திரிகைத் துணுக்கு முதல் அலுவலக இடைவேளை வரை, யாரும் கற்பிக்காமலே எல்லாரும் கற்றிருக்கிறார்கள்.

இதில் உத்தமமான வகை, மாற்றம் எவ்வளவுக்கு எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு அவ்வளவு பொருள் தலைகீழாகப் புரள்வது. ஏ.பி. நாகராஜன் 1965-இல் எடுத்த 'திருவிளையாடல்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்திலுள்ள இகரத்தை எகரமாக்கிவிட்டால் போதும், கைலாயத்தில் இருந்த பரமசிவனும் பார்வதியும் மறைந்து, நடுவீதியில் மூன்று குச்சியை நட்டுக்கொண்டு, எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியையே எல்லைக்கோடாக வைத்துப் பந்தடிக்கும் வாண்டுகள் தோன்றிவிடுகிறார்கள்: 'தெருவிளையாடல்'. அதே ஆண்டில் எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'க்கு இந்த அளவு சிரமங்கூட வேண்டாம். ளகரத்தை லகரமாக உச்சரிக்கும் நம் நாட்டு நாக்கே வேலையை முடித்துவிடும். மின்சாரக் கட்டணம் கட்டும் வரிசையில் நிற்பவர் 'எங்க வீட்டுப் பில்லை' என்று பெருமூச்சு விட்டால், அது உச்சரிப்புப் பிழையா, ஹாஸ்யமா, அல்லது உண்மையான துக்கமா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' கோயம்புத்தூர்ப் பக்கம் 'பஞ்சில் ஓர் ஆலை' ஆகலாம். 'ஆயிரத்தில் ஒருவன்' மாதக் கடைசியில் 'ஆயிரத்தில் ஒருவாரம்' ஆகலாம். ஆனால் இந்தக் கலைக்கு மூலப்பொருள் வழங்கிய வள்ளல் யார் என்று கேட்டால், நான் டைரக்டர் ஏ. பீம்சிங்கைத்தான் சொல்வேன். பகரத்தில் தொடங்கும் பெயர்களின்மீது அவருக்கு ஒரு பிடிப்பு இருந்தது. 'படிக்காத மேதை', 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்', 'பார்த்தால் பசி தீரும்' என்று 1960 முதல் 1962 வரைக்குள் வரிசையாக வந்த அத்தனையும், ஓசை நயத்தோடு எல்லார் வீட்டுப் பேச்சிலும் வந்துபோகிற சொற்களால் ஆனவை. பையன் படிப்பதற்கென்று கடன்பட்டு வாங்கிய மேஜை, நாளடைவில் இஸ்திரி போட்ட துணிகளையும் ஊறுகாய் ஜாடியையும் சுமந்துகொண்டு மூலையில் நிற்பதைக் கண்ட தகப்பனார் அதற்குப் 'படிக்காத மேஜை' என்று நாமகரணம் செய்தால் யார் மறுப்பது? மளிகைக்கடைக்காரர் முன் தலையைச் சொறிபவர் வேண்டுவது 'பாக்கி மன்னிப்பு'. பால்காரரின் கேனைப் பற்றி வீட்டு எஜமானி வெளியிடும் விமரிசனம் 'பாலும் குழாயும்'.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மாற்றியமைத்த பெயர், மூலத்தின் சந்தத்தில் அப்படியே உட்கார வேண்டும். அசை கூடினாலோ குறைந்தாலோ கேட்பவர் காதில் மூலம் ஒலிக்காது, மூலம் ஒலிக்காவிட்டால் சிரிப்பும் வராது. யாப்பிலக்கணம் படிக்காத பள்ளிப் பிள்ளைகளும் எதுகையையும் மோனையையும் இந்த ஒரு காரியத்தில் பிசகாமல் கையாளுகிறார்கள். 'கில்லி' போல ஒற்றைச் சொல்லில் அமையும் பிற்காலத்துப் பெயர்கள் இவர்களுக்கு அதிகம் பயன்படுவதில்லை. திருகுவதற்குப் பிடி வேண்டுமே!

எழுத்தைத் தொடாமலே செய்கிற வித்தையும் ஒன்று இருக்கிறது. காளமேகம் போன்ற சிலேடைப் புலவர்களின் வழி அது: சொல் அதுவேதான், அது நிற்கும் இடம் வேறு. 'பல்லாண்டு வாழ்க' என்ற 1975-ஆம் ஆண்டுப் படத்தின் பெயரைப் பல் வைத்தியர் வாசலில் எழுதிப் பாருங்கள். 'பார்த்தால் பசி தீரும்' என்பதைப் பெரிய ஹோட்டல் ஒன்றின் விலைப்பட்டியலுக்கு மேலே தொங்கவிட்டுப் பாருங்கள். உள்ளே நுழைந்தவர் விலையைப் பார்த்த மாத்திரத்திலேயே பசி தீர்ந்து திரும்பிவிடுவார். பசை வாசனைக்கு ஆசைப்பட்டு அந்தப் படத்தின் சுவரொட்டியைக் கிழித்துத் தின்ற வீதி மாடு மட்டுமே அந்தத் தலைப்பை நம்பாதது என்று சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் பொழுதுபோக்கு. வெறும் எழுத்து மாற்றத்திலிருந்து ஒரு புதுக் கதையே முளைத்த சம்பவமும் நம்மிடம் உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளாகப் பாடிய நந்தனார் சரித்திரம், 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்தும், 1942-இல் தண்டபாணி தேசிகர் நடித்தும் திரையில் வந்து, தமிழ்நாடெங்கும் பிரசித்தமாயிருந்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அந்தப் பெயரின் முதல் எழுத்தைத் தூக்கிவிட்டுக் 'கிந்தனார்' என்றாக்கினார். நாம் நாள்தோறும் 'பணம் கிணம்', 'காசு கீசு' என்று பேசுகிறோமே, அந்த எதிரொலி வழக்குத்தான். முதலெழுத்து குறிலானால் 'கி', நெடிலானால் 'கீ', அவ்வளவே விதி. ஆனால் அவர் வெறும் எதிரொலியோடு நிற்கவில்லை. நந்தனார் ஏங்கியது சிதம்பர தரிசனத்துக்கு. கிந்தனார் ஏங்கியது பள்ளிக்கூடத்துப் படிப்புக்கு. உடுமலை நாராயணகவி இயற்றிய அந்தக் காலட்சேபம், அண்ணா வசனம் எழுதிய 'நல்லதம்பி' படத்தில் 1949-இல் இடம்பெற்றது. பழைய கதாகாலட்சேபத்தின் அத்தனை சம்பிரதாயங்களையும் வைத்துக்கொண்டே, சாதிக் கொடுமையைச் சிரிக்கச் சிரிக்கச் சாடியது. நடிகவேள் எம்.ஆர். இராதா நடத்திய ராமாயண நாடகம் 'கீமாயணம்' என்று வழங்கியதும் இதே விதியின்படிதான். அது சிரிப்போடு முடியாமல் கைது வரைக்கும் போயிற்று.

பகைவர் கையில் இந்த ஆயுதம் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1952 தீபாவளிக்கு வெளிவந்த 'பராசக்தி' சாட்சி. கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்தை வெறுத்த 'தினமணி கதிர்', படத்தைக் கடுமையாகக் கண்டித்து, அதன் தலைப்பைக் கேலிச்சித்திரத்தோடு 'பரப்பிரம்மம்' என்று மாற்றி எழுதியது. கலைஞர் மறுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. பகைவர் வைத்த அந்தப் பெயரையே தலைப்பாக்கி ஒரு நாடகம் எழுதி, ஊர் ஊராகக் கொண்டுபோய் நடத்தினார், அதுவும் பிரபலமாயிற்று. கேலி செய்தவர்களே தலைப்பையும் கொடுத்து விளம்பரத்தையும் கொடுத்தார்கள் என்பது இதில் உள்ள வேடிக்கை.

அரசாங்கமும் ஒருமுறை இந்தக் கைங்கரியத்தில் இறங்கியது. தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று 2006-இல் அறிவித்ததும், 'ஜில்லுனு ஒரு காதல்' 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று. அதைவிட ரசமானது 'எம்டன் மகன்' பட்ட பாடு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின்மீது குண்டு வீசிப் போன ஜெர்மானியக் கப்பலின் பெயர், கெட்டிக்காரனையும் கெடுபிடிக்காரனையும் குறிக்கும் சொல்லாகத் தமிழிலே ஊன்றிவிட்டது. மகனை ஆட்டிவைக்கும் மளிகைக்கடைத் தகப்பனாரின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது. வரி விலக்குக்காக நடுவிலிருந்த இரண்டு எழுத்தை எடுத்தார்கள். 'எம் மகன்' என்றாயிற்று. தலைப்பில் இருந்த பயங்கரத் தகப்பனார் போய், மகனை வாஞ்சையோடு அழைக்கும் தகப்பனார் அந்த இடத்தில் வந்து நின்றார். தலைப்புத் திருப்புவதில் நான் அறிந்தவற்றுள் முதல் பரிசு இதற்குத்தான். இதைச் செய்வித்தது ஹாஸ்ய எழுத்தாளர் எவருமல்லர், ஓர் அரசாணை.