கணுக்கால் பிசகினால்

படிகள் முடிந்துவிட்டன என்று எண்ணிக் காலை வைப்போம். அங்கே இன்னும் ஒரு படி இருக்கும். பாதம் உட்புறமாக மடங்கும். சற்று நேரத்தில் கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கிவிடும். எங்களிடம் வருவோரில் பலர் கூறும் கதை இதுவே.

கால் ஏன் பெரும்பாலும் உட்புறமாகவே மடங்குகிறது? கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் அடியில் ஒரு கவ்வியைப் போல நின்று, டேலஸ் என்னும் எலும்பை இருபுறமும் பற்றியிருக்கின்றன. கணுக்காலின் இருபக்கமும் நாம் தொட்டுணரும் முண்டுகள் அக்கவ்வியின் முனைகளே. வெளிமுனை சற்றுத் தாழ்ந்திருப்பதால் பாதம் வெளிப்புறம் சாய்வதை அது தடுக்கிறது. உட்புறச் சாய்வுக்கு அத்தகைய தடை குறைவு. தசைநார்களும் அவ்வாறே. உட்பக்கத்தில் இருப்பது விசிறி போல் அகன்ற வலுவான நார். வெளிப்பக்கத்திலோ மூன்று தனித்தனி நார்கள். அவற்றுள் முன்னால் இருப்பதே பெரும்பாலும் முதலில் கிழிகிறது. மேலும், டேலஸ் முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் அமைந்தது. பாதத்தின் நுனி கீழ்நோக்கும்போது குறுகிய பகுதி கவ்விக்குள் வருவதால் மூட்டின் பிடி தளர்கிறது. படியிறங்கும்போதும் குதியுயர்ந்த செருப்பு அணியும்போதும் கால் எளிதில் பிசகுவது இதனாலேயே.

பிசகியவுடன் எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அன்பினால் செய்யப்படுவதே, ஆயினும் வேண்டாம் என்கிறோம். கிழிந்த நாரை அழுத்தி உருவினால் இரத்தக் கசிவும் வீக்கமும் கூடும்; எலும்பு முறிந்திருந்தால் அது விலகவும் கூடும். முதல் இரண்டு நாள் காலுக்கு ஓய்வு கொடுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுங்கள். படுத்திருக்கையில் காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள்.

எக்ஸ்ரே யாருக்குத் தேவை? கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதி இன்றும் எங்களுக்கு உதவுகிறது. நான்கு அடி நடக்க இயலாவிட்டாலோ, முண்டுகளின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது எலும்பில் வலித்தாலோ படம் எடுத்தாக வேண்டும். சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் இவ்விதியை நம்பியிருக்கலாகாது. அவர்களுக்கு வலியே இல்லாமலும் எலும்பு முறிந்திருக்கலாம். ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றே காட்டுங்கள்.

ஒருமுறை பிசகிய கணுக்கால் மீண்டும் பிசகக்கூடும். பாதம் எந்நிலையில் உள்ளது என்று மூளைக்கு உணர்த்தும் நரம்பு முனைகள் அந்நார்களிலும் உள்ளன. நார் கிழியும்போது அவையும் பாதிக்கப்படுகின்றன. வலி தணிந்ததும் பலர் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பயிற்சி தொடங்க வேண்டிய வேளை அதுவே. சுவரருகே நின்று ஒற்றைக்காலில் 30 விநாடி நில்லுங்கள். எளிதானபின் பல் துலக்கும்போதே அவ்வாறு நின்று பழகலாம். முதியவர்கள் கனமான நாற்காலியைப் பற்றிக்கொண்டு, ஒருவர் துணையுடன் மட்டும் செய்ய வேண்டும்.

ஒருபக்கமாகத் தேய்ந்த செருப்பை மாற்றிவிடுங்கள். வீட்டு மாடிப்படியின் கடைசிப் படி விளிம்பில் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு இழுத்து, அங்கே ஒரு விளக்கும் பொருத்துங்கள்.