பின் சில்லு ஆடினால் முதலில் எதைப் பார்ப்பது?

"நானா, பின் சில்லு ஆடுது. பெயரிங் ஒரு செட் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் உதிரிப்பாகக் கடைக்குள் வருவார்கள். "இருக்கு" என்று சொல்லி எடுத்துக் கொடுப்பது சுலபம். பணமும் உடனே பெட்டிக்குள் விழும். ஆனால் சில்லு ஆடுவதற்கு பெயரிங் ஒன்றுதான் காரணம் என்றில்லை. டயர், றிம், கம்பி, ஹப், நட்டு, எக்ஸல், ஸ்பிரிங் என்று ஏழெட்டு இடங்களில் எதிலும் குறை இருக்கலாம். எங்கே என்று கண்டுபிடிக்காமல் சாமான் வாங்குபவர், ஒன்றன் பின் ஒன்றாக எல்லாவற்றையும் வாங்கி முடிப்பார். அதன் பிறகும் சில்லு ஆடும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும், பழைய வாகனம் வைத்திருக்கும் வியாபார நண்பர்களுக்கும் பயன்படும் என்பதால், குறையைக் கண்டறியும் ஒழுங்கை இவ்வாரம் விளக்குகின்றேன். உதாரணத்துக்கு எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் அபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட கார் இது. தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டாலும் உதிரிப்பாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. 1988இல் இதன் முழு பொடியையே மீண்டும் புதிதாகச் செய்யத் தொடங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே சாமான் கிடைப்பது இங்கே பிரச்சினை அல்ல. எந்தச் சாமான் வேண்டும் என்று தெரியாமல் ஓடர் கொடுப்பதுதான் பிரச்சினை. இங்கிலாந்திலிருந்து கப்பல் கூலியும் தீர்வையும் கட்டி இறக்கிய பொருளைத் திருப்பி அனுப்ப முடியாது. அது இராக்கையில் தூங்கும் பணம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் திறக்கப்படும்வரை, ஷெட்டில் கிடந்த பழைய கார்களைப் பலர் வெளியே எடுத்துச் செப்பனிட்டதை எமது தொழிலில் உள்ளவர்கள் கண்டிருப்பீர்கள். நெடுங்காலம் நின்ற வாகனத்தில் சில்லு ஆட்டம் சாதாரணமாகக் காணக்கூடிய குறை.

முதலில் கேள்வி, பிறகு ஸ்பேனர்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் சாரதியிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று, ஆட்டம் எங்கே தெரிகிறது? ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சில்லு. ஆசனத்திலும் இடுப்பிலும் தெரிந்தால் பின் சில்லு.

இரண்டு, எந்த வேகத்தில்? மணிக்கு இருபது, முப்பது கிலோமீற்றரிலேயே காரின் பின்பக்கம் வாத்து நடப்பதுபோல் அசைந்தால், ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது டயருக்குள் பட்டி பிரிந்திருக்கிறது. எண்பது, தொண்ணூறு தாண்டிய பிறகு மட்டும் நடுங்கினால் பாரச் சமநிலைக் குறையாக இருக்கலாம்.

மூன்று, ஆட்டம் தொடங்குவதற்கு முன் என்ன வேலை செய்தீர்கள்? டயர் மாற்றினோம், பிரேக் செய்தோம், சில்லு கழற்றிப் பெயின்ட் அடித்தோம் என்று ஏதாவது ஒரு பதில் வரும். அந்தப் பதிலில் பாதி வழி முடிந்துவிடும்.

வெளியிலிருந்து உள்ளே

பரிசோதனையின் ஒழுங்கு மிக எளியது. செலவில்லாததிலிருந்து செலவுள்ளதுக்கு, வெளியிலிருந்து உள்ளே செல்ல வேண்டும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

முன் சில்லுகளுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி, எக்ஸலுக்குக் கீழே இரண்டு ஸ்டாண்ட் வைக்கவும். ஜக்கை மட்டும் நம்பி யாரும் காருக்குக் கீழே போகக் கூடாது. கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கம்பித் துண்டை அசையாத ஒன்றில் கட்டி, அதன் முனை றிம்மின் ஓரத்தைத் தொடுவதுபோல் நிறுத்துங்கள். றிம் நேராகச் சுற்ற, டயர் மட்டும் நெளிந்தால் குறை டயரில். றிம்மும் சேர்ந்து பக்கவாட்டில் போய்வந்தால் குறை சில்லில் அல்லது அதற்கு உள்ளே. ஒன்றரை மில்லிமீற்றர் அளவு அசைவைப் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ஆட்டத்தைப் பொறுக்க முடியாது.

அடுத்தது, சல்லிக் காசு செலவில்லாத மிகச் சிறந்த பரிசோதனை. இடது பின் சில்லையும் வலது பின் சில்லையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். கம்பிச் சில்லானாலும் சில்லை இரு பக்கமும் பூட்டலாம். நட்டுகளை மட்டும் அந்தந்தப் பக்கத்திலேயே விடவேண்டும். ஆட்டம் சில்லோடு சேர்ந்து மறுபக்கம் போனால் குறை சில்லில். போகாமல் பழைய பக்கத்திலேயே நின்றால் குறை ஹப்பில், ஷாப்டில் அல்லது எக்ஸலில். பல்லாயிரம் ரூபா தீர்மானத்தை இந்த அரை மணி நேர வேலை முடிவு செய்து தந்துவிடும்.

கம்பிச் சில்லின் கதை

பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களில் பலவற்றுக்குக் கம்பிச் சில்லு உண்டு. எம்.ஜி.பி.யில் வழமையாக ஒரு சில்லுக்கு அறுபது கம்பிகள். நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. பழைய மாதிரிகளில் அதற்கு இரண்டு காது இருக்கும், பிந்திய மாதிரிகளில் எண்கோண வடிவம். ஹப்பின் வெளிப்புறத்திலும் சில்லின் உட்புறத்திலும் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும். இழுவையைத் தாங்குவது அந்தப் பற்கள்தான்.

பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது கடினமல்ல. சில்லைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சில்லை முன்னும் பின்னும் திருப்பப் பாருங்கள். "டக்" என்று சத்தம் வந்து, ஹப் நிற்க சில்லு மட்டும் அசைந்தால் பற்கள் தேய்ந்துவிட்டன. ஹப்பும் சேர்ந்து சிறிது அசைந்தால் அது பிரேக் சப்பாத்தின் இடைவெளியாக இருக்கலாம், பயப்பட வேண்டியதில்லை. பிறகு சில்லைக் கழற்றிப் பல்லைக் கண்ணால் பாருங்கள். நல்ல பல்லின் தலை தட்டையாக இருக்கும். தேய்ந்த பல் வாளின் பல்போல் கூராகிவிடும். தேய்ந்த ஹப்பில் புதுச் சில்லைப் போட்டால் புதுச் சில்லும் கெடும், தேய்ந்த சில்லைப் புது ஹப்பில் போட்டால் புது ஹப்பும் கெடும். இதைச் சொல்லாமல் ஒன்றை மட்டும் விற்பது வாடிக்கையாளரை இரண்டு முறை செலவழிக்க வைப்பதாகும்.

கம்பிகளை ஒரு சிறிய ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுகிய கம்பி மணிபோல் ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். மந்த ஒலி பல கம்பிகளில் ஒரே இடத்தில் சேர்ந்து வந்தால் சில்லு அந்தப் பக்கம் இழுபட்டிருக்கும். அதைக் கம்பி கட்டத் தெரிந்தவரிடம் கொடுத்தால் நேராக்கலாம். பாரச் சமநிலை பார்க்கும்போதும் கவனம் தேவை. சாதாரண மெஷினில் கம்பிச் சில்லை மாட்டுவதற்கு அதற்குரிய கூம்பு வடிவ அடப்டர் வேண்டும். அது இல்லாமல் பார்த்த சமநிலை பொய்.

நட்டு இறுகும் திசையும் முக்கியம். காரின் இடப் பக்கத்தில் சாதாரண மரை, வலப் பக்கத்தில் எதிர் மரை. எந்தப் பக்கமானாலும் சில்லு முன்னோக்கி உருளும் திசையில் திருப்பினால் நட்டுக் கழரும், எதிர்த் திசையில் திருப்பினால் இறுகும். யாராவது ஹப்புகளைப் பக்கம் மாற்றிப் பூட்டியிருந்தால், ஓட ஓட நட்டுத் தளர்ந்து கடைசியில் சில்லே கழன்று போகும். பெருந்தெருவில் அது ஒரு உயிரின் விலை.

சாய்வு வெட்டப்பட்ட இரண்டு இடங்களில்தான் கம்பிச் சில்லு உட்காருகிறது. ஒன்று ஹப்பின் அடியில், மற்றது நட்டின் உட்பக்கம். அங்கே துருவோ தடித்த பெயின்டோ இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் சில்லு சரியாக உட்காராது. சுத்தம் செய்து மெல்லியதாகக் கிறீஸ் பூசுவதே மருந்து.

ஓர் உதாரணம்

ஒரு வாடிக்கையாளர் இரண்டு புதுக் கம்பிச் சில்லு ஓடர் கொடுக்க வந்தார். அதற்கு முன் வேறோர் இடத்தில் டயர் இரண்டு முறையும் பெயரிங் ஒரு முறையும் மாற்றியிருந்தார். ஆட்டம் போகவில்லை. முற்பணம் வாங்குவதற்கு முன், சில்லுகளை இடம் மாற்றிப் பார்க்கச் சொன்னேன். ஆட்டம் இடப் பக்கத்திலேயே நின்றது. ஆகவே குறை சில்லில் இல்லை.

அந்தக் கார் சாதாரண இரும்புச் சில்லோடு வந்தது. பின்னர் யாரோ அதன் நான்கு ஸ்டட்டுகள்மேல் அடப்டர் ஹப் பூட்டிக் கம்பிச் சில்லுக்கு மாற்றியிருந்தார்கள். அப்படி மாற்றும்போது ஸ்டட்டின் நீண்டிருக்கும் முனையை வெட்டிக் குறைக்க வேண்டும். வலப் பக்கம் வெட்டியிருந்தது, இடப் பக்கம் ஒன்று வெட்டாமல் விடப்பட்டிருந்தது. சில்லின் உட்புறத்தில் அந்த முனை முட்டிய இடம் வெள்ளிபோல் மின்னியது. சில மில்லிமீற்றர் இரும்பை அரிந்து எடுத்ததும் ஆட்டம் நின்றது. அவர் கொடுக்க வந்த ஓடரின் பெறுமதியோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி ஒன்றுமேயில்லை.

சில்லைத் தாண்டி உள்ளே

சில்லில் குறையில்லை என்று தெரிந்த பிறகுதான் பெயரிங் பக்கம் போகவேண்டும். சில்லின் மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். தெளிவான ஆட்டம் தெரிந்தால் பெயரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது ஹப்பைப் பிடித்திருக்கும் பெரிய நட்டுத் தளர்ந்திருக்கலாம். கெட்ட பெயரிங் பெரும்பாலும் சும்மா இருக்காது. வேகத்தோடு கூடிவரும் உறுமல் கேட்கும். பிரேக் டிரம்முக்குள் எக்ஸல் ஒயில் கசிந்திருந்தால் அதுவும் ஓர் அடையாளம். சில்லைக் கழற்றிவிட்டுச் சுற்றும்போது ஹப்பே நெளிந்து சுற்றினால், ஷாப்ட் அல்லது ஹப் வளைந்திருக்கிறது. ஒரு காலத்தில் கல்லிலோ கானிலோ மோதிய கார்களில் இதைக் காணலாம்.

கடைசியாகப் பட்டை ஸ்பிரிங். எம்.ஜி.பி.யின் பின் எக்ஸல் இரண்டு பட்டை ஸ்பிரிங்கில் யூ போல்ட்டால் கட்டப்பட்டது. யூ போல்ட் தளர்ந்தால், அல்லது பட்டைகளின் நடு போல்ட் உடைந்தால் எக்ஸலே முன்னும் பின்னும் நகரும். ஓட்டுபவருக்கு அது சில்லு ஆடுவதுபோலவே தோன்றும். இதற்கு அளவு நாடா ஒன்று போதும். முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் தெளிவாக வேறுபட்டால் எக்ஸல் இடம் மாறியிருக்கிறது. ஸ்பிரிங் முனை ரப்பர் புஷ்களையும் கடப்பாறையால் நெம்பிப் பார்க்கவேண்டும்.

வியாபாரிக்கு என்ன பாடம்?

மேலே சொன்ன பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஜக், ஸ்டாண்ட், கம்பித் துண்டு, அளவு நாடா தவிர வேறொன்றும் வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் போதும். ஆனால் இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப்போய் இரண்டு மாத வருமானத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

விற்பவர் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. கேட்டதைக் கொடுத்தால் ஒரு விற்பனை. அந்தச் சாமான் குறையைத் தீர்க்காவிட்டால் வாடிக்கையாளர் சாமானைத்தான் பழி சொல்வார், அடுத்த முறை வேறு கடைக்குப் போவார். எனவே பழைய காருக்கு ஓடர் எடுக்கும்போது துண்டில் நான்கு விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: கம்பிச் சில்லா இரும்புச் சில்லா, முதலிலிருந்தே அப்படியா பின்னர் மாற்றியதா, எந்தப் பக்கம், சில்லை இடம் மாற்றிப் பார்த்தாரா. நான்காவதற்கு "இல்லை" என்று பதில் வந்தால் முற்பணம் வாங்காதீர்கள். பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு வருபவர் சரியான சாமானைக் கேட்பார், அதுவும் உங்களிடமே கேட்பார்.

வேலை முடிந்து சில்லைப் பூட்டிய பின் நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் நட்டை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லவும் மறக்க வேண்டாம்.