மலை வகுத்த குடித்தனம்

நம் வீட்டில் இட்லி மாவு பொங்குகிறதா, புளிக்காமல் கல்லாய்க் கிடக்கிறதா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? அரைத்த கை என்பார்கள் சிலர். உளுந்து என்பார்கள் சிலர். ஆனால் ஊட்டிக்கோ குன்னூருக்கோ வாழ்க்கைப்பட்டுப் போன பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். "கையும் இல்லை, உளுந்தும் இல்லை அக்கா, எல்லாம் இந்தக் குளிர்தான்!" என்பாள். சமவெளியில் ஒரே இரவில் பொங்கும் மாவு அங்கே கம்பளியைப் போர்த்தி அடுப்போரம் வைத்தாலும் மசமசவென்று நிற்கும்.

பூகோளம் என்றால் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து மறந்துபோன பாடம் என்று நினைக்கிறோம். அது நம் சமையலறையில் தினமும் உட்கார்ந்திருக்கிறது. நாம் உண்பது, உடுப்பது, வீடு கட்டுவது, சம்பந்தம் செய்வது, சாமி கும்பிடுவது எல்லாவற்றிலும் அதன் கை இருக்கிறது. இதைக் கண்ணால் காண நீலகிரியைவிட நல்ல இடம் நம் தமிழ்நாட்டில் இல்லை.

கிரேக்கரும் நம் மலைக்காரரும்

பழைய கிரேக்க நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே பெரும்பகுதி மலை. நெல்லோ கோதுமையோ தாராளமாக விளையும் சமவெளி குறைவு. அதனால் பார்லி, ஆலிவ் எண்ணெய், திராட்சை, ஆட்டுப்பால் என்று அவர்கள் சாப்பாடு அமைந்தது. ஒரு பள்ளத்தாக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே மலை நின்றதால் ஒவ்வொரு ஊரும் தனி அரசாயிற்று. ஊருக்கு ஊர் சண்டையும் வந்தது. தானியம் போதாதபோது கப்பல் ஏறிக் கடல் கடந்து போனார்கள்.

நீலகிரியும் மலைதான். ஆனால் இங்கே கடல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இடத்தில் சுவர் எழுப்பினாற்போல் நிற்கிறது. உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். அடிவாரக் காடுகளில் மலேரியாக் காய்ச்சல். ஆகவே வெளியார் அவ்வளவு சுலபமாக மேலே வரவில்லை. உள்ளே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவரையொருவர் நம்பிப் பிழைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள்.

உயரமான புல்வெளிகளில் தோடர்கள் எருமை வளர்த்தார்கள். படகர்கள் சரிவுகளைத் திருத்தி விவசாயம் செய்தார்கள். கோத்தர்கள் இரும்பு வேலை, தச்சு வேலை, வாத்தியம் என்று கைத்தொழில் பார்த்தார்கள். அவர்கள் பெண்கள் மண்பாண்டம் வனைந்தார்கள். குறும்பர்கள் காட்டிலிருந்து தேனும் மூலிகையும் கொண்டுவந்தார்கள். தோடர் வீட்டு நெய் படகர் வீட்டுக்கு. படகர் வீட்டுத் தானியம் தோடருக்கும் கோத்தருக்கும். கோத்தர் வீட்டுச் சட்டியும் அரிவாளும் எல்லோருக்கும். காசு இல்லை, கடை இல்லை. தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு உறவு. சந்தையும் பணமும் பெருகப் பெருக, 1930-களுக்குப் பிறகு இந்தக் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

ஜெகதளாவின் வரிசை வீடுகள்

குன்னூரிலிருந்து ஊட்டி போகும் வழியில் அருவங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது ஜெகதளா. படகர்களின் பெயர்பெற்ற ஊர்களில் ஒன்று. ஊரை அவர்கள் 'ஹட்டி' என்பார்கள். படகர் என்ற பெயரே வடக்கிலிருந்து வந்தவர் என்பதைக் காட்டுகிறது. விஜயநகர ஆட்சி சரிந்த காலத்தை ஒட்டி, மைசூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்கிறார்கள்.

பழைய ஹட்டியின் அமைப்பைப் பாருங்கள். சரிவில் வரிசை வரிசையாக வீடுகள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். சரிவில் சமதளம் வெட்டுவது லேசான வேலையா? ஒரு தளம் வெட்டினால் அதில் பத்து வீடாவது நிற்க வேண்டாமா? ஒட்டி ஒட்டி இருந்தால் காற்றும் குளிரும் உள்ளே புகுவதும் குறையும். விளையும் நிலமும் மிச்சம். முன்னால் நீளமான பொது முற்றம். தானியம் காய்வதும், பிள்ளைகள் விளையாடுவதும், கிழவிகள் வெயில் காய்வதும் அங்கேதான். இளையவர் தலை குனிய, பெரியவர் தலையைத் தொட்டு "நன்றாக வாழ்" என்று வாழ்த்தும் அழகான வழக்கம் படகரிடம் உண்டு. வாசலுக்கு வாசல் பத்தடி கூட இல்லாத ஊரில் மரியாதை இப்படித் தினப்படிப் பழக்கமாகிவிடுகிறது!

தோடர் குடிசை வேறு மாதிரி. பீப்பாயைப் பாதியாய்ப் பிளந்து கவிழ்த்தாற்போல் இருக்கும். மூங்கில், பிரம்பு, புல் கொண்டு வேய்ந்தது. வாசலோ தவழ்ந்துதான் போக வேண்டும். குளிர்காற்று நுழையாது, உள்ளிருக்கும் சூடு வெளியே போகாது. டிசம்பர், ஜனவரியில் புல் மேல் உறைபனி வெள்ளையாய்ப் படியும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் உண்டா? அதே குளிருக்குத்தான் 'புத்துக்குளி' என்ற கெட்டிப் போர்வை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடப் பெண்கள் நூலெண்ணிப் போடும் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அடுப்படியில் பூகோளம்

உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கடலோரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஆறாயிரம் அடி உயரத்தில் சுமார் 94 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். கொதிக்கிறதே என்று பார்த்தால் பருப்பு வேகாது! மலையில் குடித்தனம் வைக்கும் பெண்களுக்குப் பிரஷர் குக்கர் ஆடம்பரம் இல்லை, அத்தியாவசியம். குக்கர் இல்லாத நாளில் அவரையும் மொச்சையும் நாள் முழுக்க மெல்லக் கொதித்தன. விறகடுப்பு எரிந்துகொண்டே இருந்தால்தான் வீடும் கதகதப்பாக இருக்கும். ஒரே நெருப்பில் இரண்டு வேலை!

படகர் சாப்பாட்டில் பழைய நாள் முதல் நிற்பது ராகி மாவில் கிளறும் 'எரகி ஹிட்டு'. தொட்டுக்கொள்ள அவரைக்காய்க் குழம்பான 'அவரெ உதக்க'. விசேஷத்துக்குக் கோதுமை மாவில் பொரித்த 'துப்பதிட்டு'. நெல் விளையாத உயரத்தில் ராகி, சாமை, கோதுமை, பார்லி இவைதான் கைகொடுத்தன. ஹிட்டுக்குப் புளிக்க வைக்கும் வேலையும் இல்லை.

சத்தைப் பார்த்தாலும் பாட்டிமார் கணக்கு தப்பவில்லை. ராகியில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அவரையில் புரதம். கூடவே மோரும் கீரையும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் வேறென்ன வேண்டும்?

ஒன்றில் மட்டும் மலை கஞ்சத்தனம் செய்கிறது. கொட்டும் மழை மலைமண்ணிலுள்ள அயோடினைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அது குறைந்தால் தாய்க்குக் கழுத்துக் கழலை வரலாம். வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கும். ஆகவே மலையில் இருக்கும் சகோதரிகள் அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். மூடி போட்டு வையுங்கள், அடுப்பை விட்டு எட்டி வையுங்கள், சமையல் முடியும் தறுவாயில் போடுங்கள். விறகு எரிப்பவர்கள் குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிடாதீர்கள். அந்தப் புகை பச்சைக் குழந்தையின் நெஞ்சுக்குக் கெடுதல்.

ரத்தத்தில் எழுதிய பூகோளம்

அடிவாரத்துக் காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது மனிதர் ரத்தத்திலேயே தடம் பதித்திருக்கிறது. 1952-ல் நீலகிரிப் பழங்குடியினரிடம் நடந்த சோதனையில்தான் அரிவாள் செல் என்னும் ரத்தக் குறை இந்தியாவில் முதன்முதலாகத் தெரியவந்தது. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தக் குணம் வந்தால் மலேரியாவின் கடுமையிலிருந்து அது பாதுகாப்பு. இருவரிடமிருந்தும் வந்தால் குழந்தைக்கு ரத்தசோகையும், தாங்க முடியாத வலியும். காய்ச்சல் மிகுந்த தாழ்வான காடுகளில் வாழ்ந்த பணியர், இருளர், குறும்பர் போன்றவர்களிடம் இது அதிகம். இதில் யார் குற்றமும் இல்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு சின்ன ரத்தச் சோதனை செய்துகொண்டால் பிள்ளைகளுக்கு நல்லது.

மலை விதித்ததா, மனிதர் விதித்ததா?

எல்லாப் பாரத்தையும் மலையின் தலையில் சுமத்திவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

பழைய படகர் வீட்டில் பால் வைக்கத் தனி அறை உண்டு. அதற்குள் பெண்கள் போகக்கூடாது. தோடர்களின் பால் கோயிலுக்குள்ளும் அப்படியே. எருமையையும் புல்லையும் கொடுத்தது மலை. அந்தப் பாலைத் தொடாதே என்று பெண்ணிடம் சொன்னது மலையா? இல்லை, மனிதர்கள். கிரேக்கத்திலும் இதே கதைதான். ஆலிவ் மரத்தைக் கொடுத்தது பூமி. ஏதென்ஸ் நகரத்துப் பெண்ணுக்குச் சபையில் ஓட்டில்லை என்றது ஆண்கள்.

அதே படகர் சமூகத்தில் வேறொரு பக்கமும் உண்டு. வரதட்சிணை வழக்கம் அவர்களிடம் இல்லை. விதவை மறுமணம் செய்யலாம். ஒத்துவராத கணவனை விட்டு விலகவும் பெண்ணுக்கு வழி இருந்தது. முதல் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் கழுத்தில் நூல் கட்டும் சடங்கு நடந்த பிறகே கல்யாணம் முழுமை பெற்றது. சரிவு நிலத்தில் களை பறித்து, விறகு சுமந்து, அறுத்து வந்தவள் பெண். உழைக்கும் கையின் அருமை தெரிந்த வீட்டில் மருமகளைப் பாரம் என்று எப்படிச் சொல்ல முடியும்? அவர்களின் பெருந்தெய்வம் ஹெத்தையம்மன். 'ஹெத்தை' என்றால் பாட்டி! மார்கழி, தை மாதக் குளிரில் ஜெகதளாவிலும் மற்ற ஊர்களிலும் வெள்ளை உடுத்திக் கூடி அந்தப் பாட்டியை வணங்குகிறார்கள். இந்தச் சமூகத்திலிருந்துதான் 1962-ல் அக்கம்மா தேவி நீலகிரியின் எம்.பி. ஆகி டெல்லி சென்றார்.

மலையை மாற்றியவர்கள்

மலை மனிதரை வளைத்தது போல, மனிதரும் மலையை வளைத்தார்கள். 1819-ல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே வந்தார். அவரைத் தொடர்ந்து உருளைக்கிழங்கும் கோஸும் காரட்டும் வந்தன. சீதோஷ்ணம் நோயாளிச் சிப்பாய்களுக்கு நல்லது என்று 1850-களில் ஜெகதளாவின் பக்கத்தில் பட்டாளத்துக்குக் கட்டடங்கள் எழுந்தன. முதலில் அந்த முகாமுக்கு இந்த ஊரின் பெயரைத்தான் 'ஜக்கதல்லா' என்று திரித்து வைத்திருந்தார்கள். பிறகு அது வெலிங்டன் ஆயிற்று.

புல்வெளியில் யூகலிப்டஸும் சீகையும் நட்டார்கள். தோடர் எருமைக்கு மேய்ச்சல் சுருங்கிற்று. 1961-ல் உருளைக்கிழங்கில் வேரைத் தாக்கும் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. கிழங்கு நஷ்டம் தரத் தர, சிறு விவசாயிகள் தேயிலைக்கு மாறினார்கள். மாதம் தவறாமல் காசு வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். நல்லதுதான். ஆனால் ராகிக் காடும் அவரைப் பந்தலும் போயின. 1990-களின் கடைசியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது, அடுப்படிக்கு வேண்டியதையெல்லாம் கடையில் வாங்கும் வீடுகள் தவித்தன. தேயிலையை வேகவைத்துத் தின்ன முடியுமா?

இன்னொரு அடி 2009 நவம்பரில். பெருமழையில் குன்னூர், கேத்தி பக்கங்களில் சரிவுகள் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மரத்தை வெட்டி, ஓடையை மறித்து, செங்குத்துச் சரிவில் கட்டடம் எழுப்பினால் மழைத் தண்ணீர் போக வழி ஏது? எந்தச் சரிவில் வீடு, எந்த மடிப்பில் சோலை என்று முன்னோர் பார்த்துப் பார்த்து வைத்ததன் அருமை அப்போது புரிந்தது. சோலைகளும் புல்வெளியும் மழையைப் பஞ்சு போல் உறிஞ்சி, மெல்ல மெல்லப் பவானிக்கும் மோயாருக்கும் விடுகின்றன. ஈரோட்டில் குடத்தைப் பிடிக்கும் பெண்ணுக்கும் அந்தப் புல்வெளிக்கும் சம்பந்தம் உண்டு.

நீங்கள் செய்யக்கூடியது

மலையில் இருப்பவர்கள் தேயிலைக்கு நடுவே, வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தியாவது அவரையும் கீரையும் ராகியும் போடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளுக்கு ஹிட்டு கொடுங்கள். வீடு கட்டுவதானால் ஓடையையும் செங்குத்துச் சரிவையும் விட்டு விலகிக் கட்டுங்கள்.

சமவெளியில் இருப்பவர்கள் லீவு நாளில் பிள்ளைகளைப் பாட்டியிடம் உட்கார வைத்து நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நம் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அரிசிக்கு முன் என்ன தானியம் சாப்பிட்டோம்? பழைய வீட்டின் வாசல் ஏன் அந்தத் திசையைப் பார்த்தது? எந்த வழக்கம் மண் கொடுத்தது, எது மனிதர் போட்டது? பதிலைக் கேட்டால் எதைக் காப்பாற்ற வேண்டும், எதைத் தயங்காமல் விட்டுவிடலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.