உங்களுக்குத் தெரியுமா? நாற்காலி கைமாறும் நிமிடங்கள்

1976 செப்டம்பர் 10 அன்று யுகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் அருகே பிரிட்டிஷ் ஏர்வேஸ் டிரைடன்ட் விமானமும் இனெக்ஸ்-அட்ரியா டிசி-9 விமானமும் நடுவானில் மோதி, 176 பேர் மாண்டனர். தரையில், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில், அப்போது பணி மாறும் நேரம். மாற்று ஆள் தாமதிக்கவே, அவரைத் தேடி ஒரு கட்டுப்பாட்டாளர் எழுந்துபோனார். இருவர் பார்க்கவேண்டிய மேல்வான் பிரிவு ஒருவர் தலையில் விழுந்தது. மோதலுக்குச் சற்றுமுன் அவர் பதறி உத்தரவிட்டது செர்போ-குரோஷிய மொழியில். பிரிட்டிஷ் விமானிகளுக்கு அது எப்படிப் புரியும்? 'அவர் கவனமாக இருந்திருக்கலாமே' எனலாம். நீதிமன்றமும் அவரை மட்டுமே தண்டித்தது. ஆனால் எத்தனை கவனமும் காலியான பக்கத்து இருக்கைக்கு ஈடாகாது. வந்தவர் நிலவரம் முழுவதையும் மனத்தில் வாங்கும்வரை போகிறவர் இடம்பெயரக் கூடாது என்ற ஒழுங்குதான் அங்கே தவறியது. அது தனியாள் குற்றமன்று. சக கட்டுப்பாட்டாளர்கள் கையெழுத்துத் திரட்டிப் போராடி, 1978இல் தண்டிக்கப்பட்டவரை விடுவிக்கச் செய்தனர்.