உள்நோக்கிய கசிவு

குக்கர் ரப்பர் தளர்ந்துவிட்டால் வீட்டுக்கே தெரிந்துவிடும். மூடியின் ஓரமெல்லாம் நீராவி சீறும், விசில் வராது, பருப்பு வேகாது. தச்சுப் பட்டறையில் மரத்தூள் சேரும் டிரம்மின் மூடி தளர்ந்தால் யாருக்கும் தெரியாது. அங்கே வெளியே வருவதற்கு எதுவுமில்லை. வெளிக்காற்றுதான் உள்ளே நுழைகிறது. கண்ணுக்குப் படாத அந்தக் கசிவு, டிரம்மில் சேர்ந்த தூளையே திரும்பவும் கிளப்பிவிடுகிறது.

ரம்பமும் இழைப்பு மெஷினும் கக்கும் தூளை ஒரு விசிறி குழாய் வழியாக இழுக்கிறது. வழியில் தலைகீழாக நிற்கும் ஒரு கூம்பு இருக்கிறது. சைக்ளோன் என்றே அதற்குப் பெயர். தூளோடு வரும் காற்று கூம்பின் பக்கவாட்டில் நுழைந்து சுவரை ஒட்டிச் சுழல்கிறது. கனமான துகள்கள் சுழலும் வேகத்தில் சுவரோரம் ஒதுங்கி, அப்படியே வழுக்கிக் கீழே டிரம்மில் விழுகின்றன. தூள் குறைந்த காற்று கூம்பின் நடுவில் இன்னொரு சுழலாகத் திரும்பி மேலேறி, விசிறியையும் வடிகட்டியையும் கடந்து வெளியேறுகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத இந்தக் கூம்புக்கு 1885-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இன்றும் மர ஆலைகளின் கூரைக்கு மேல் அது நிற்பதைப் பார்க்கலாம்.

புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைந்திருப்பதைப் போலவே, கூம்பின் நடுவிலும் அழுத்தம் குறைவு. அந்த நடுச்சுழலின் அடிமுனை டிரம்மின் வாயை ஒட்டித்தான் இருக்கிறது. மூடி காற்றுப் புகாமல் இருந்தால் டிரம்முக்குள் பெரிய சலனம் இருக்காது, விழுந்த தூள் அமைதியாகக் கிடக்கும். ஓரத்தில் இடைவெளி இருந்தாலோ வெளிக்காற்று பாய்ந்து வந்து, நுண்தூளை வாரிக்கொண்டு நடுச்சுழலில் ஏறிவிடும். பிரிந்த தூள் மறுபடியும் வடிகட்டிக்கே போய்ச் சேரும்.

எவ்வளவு இடைவெளி என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மூடியின் விட்டம் 45 செ.மீ. என்று கொள்வோம். சுற்றிலும் வெறும் 1 மி.மீ. சந்து இருந்தால், மொத்தப் பரப்பு 14 சதுர செ.மீ. மூடியின் நடுவில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்குத் துளை போட்டதற்கு அது சமம். டிரம்முக்குள் இருக்கும் உறிஞ்சல் 10 செ.மீ. உயர நீரைத் தூக்கி நிறுத்தும் அளவுக்கு இருந்தால், அந்தச் சந்தில் காற்று மணிக்குச் சுமார் 145 கி.மீ. வேகத்தில் பாயும். கரையைக் கடக்கும் கடும்புயலின் வேகம் அது.

இனி, அதே உறிஞ்சல் நமக்கு எப்படி உதவுகிறது என்று பாருங்கள். வெளிக்காற்று அந்த மூடியைச் சுமார் 16 கிலோ எடைக்கு ஈடாக அழுத்துகிறது. நிறைகுடம் ஒன்றைத் தூக்கி மூடிமேல் வைத்தது போல. ஆகவே மூடியை இறுக்கிப் பிடிக்கும் வேலையில் பெரும்பகுதியை வளிமண்டலமே செய்துவிடும். சுற்றிலும் முதல் தொடுகை மட்டும் நாம் ஏற்படுத்தித் தர வேண்டும்.

அந்தத் தொடுகைதான் கடினம். வழவழப்பாகத் தெரியும் இரண்டு கெட்டியான பரப்புகள்கூட, ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், மேடான சில புள்ளிகளில்தான் தொட்டுக்கொள்ளும். மற்ற இடமெல்லாம் காற்றுக்கு வழி. நடுவில் மெத்தென்ற பொருள் ஒன்று வந்து பள்ளங்களை நிரப்ப வேண்டும். சித்த மருத்துவர்கள் புடம் போடும்போது இரண்டு அகல்களின் வாயைப் பொருத்தி, மண் தோய்த்த துணியைச் சுற்றுவார்கள். சீலைமண் என்று அதைச் சொல்வார்கள். ஜெர்மனியில் ஓட்டோ ஃபான் கெரிக்கே 1657-இல் இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார். பக்கத்துக்கு எட்டாகக் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் அவை பிரியவில்லை. அந்த அரைக்கோளங்களின் விளிம்புக்கு நடுவே இருந்தது மெழுகும் டர்பன்டைனும் ஊறிய தோல் வளையம்.

பட்டறையில் அந்த வேலைக்கு சிலிக்கோன் போதும். 18 மி.மீ. பிளைவுட்டில் மூடியை வட்டமாக அறுத்து, டிரம்மின் விளிம்பு பதியும் இடத்தில் ஆழமில்லாத பள்ளம் எடுக்க வேண்டும். பள்ளத்தில் சிலிக்கோனை இடைவிடாமல் பிதுக்கி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, மூடியை விளிம்பின்மேல் லேசாக வைத்து உலர விட வேண்டும். டிரம்மின் வாயில் எத்தனை நெளிவு இருந்தாலும் அத்தனையும் அச்சாக அதில் பதிந்துவிடும். பிறகு தாளை உரித்துவிட்டு, சுற்றிலும் நான்கு கொண்டிகளைப் பொருத்தினால் மூடி தயார். கூம்பு மூடியில் இறங்கும் இடத்தையும் போல்ட் துளைகளையும் மறக்காமல் அடைக்க வேண்டும்.

டிரம் தகரமாக இருப்பது நல்லது. விசிறிக்குப் பதிலாகப் பட்டறை வேக்குவம் கிளீனரை இணைத்து, அதன் குழாய் அடைத்துக்கொண்டால், உறிஞ்சல் 2 மீட்டர் நீர் உயரம்வரை போகும். அப்போது அதே மூடியின்மேல் 300 கிலோவுக்கு மேல் விழும். பிளாஸ்டிக் டிரம் அப்படியே உள்ளொடுங்கிவிடும்.

ஒரு மூடிக்கு இத்தனை பாடா என்று தோன்றலாம். கசிவு கிளப்பிவிடுவது கண்ணுக்குத் தெரியும் சீவலையோ தூளையோ அல்ல. தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவான, வடிகட்டியையும் தாண்டக்கூடிய, நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகளை. பெரிய துகள்களும் ஆபத்தற்றவை அல்ல, அவை மூக்கில் படிகின்றன. நாற்காலிகளுக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதியில், மரச்சாமான் செய்பவர்களுக்கு அரிய வகை மூக்குப் புற்றுநோய் அதிகம் வருவதை மருத்துவர்கள் 1960-களில் கண்டறிந்தார்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் உறுதியாக வகைப்படுத்தியது. ஒரு தச்சர் தம் வாழ்நாளில் இழைக்கும் மரம் எத்தனை, இழுக்கும் மூச்சு எத்தனை!

மூடி சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு நூலே போதும். ஊதுபத்தி வேண்டாம், மரத்தூளுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது. விசிறியை ஓடவிட்டு, ஒரு சாண் நூலை மூடியின் ஓரமாகப் பிடித்துக்கொண்டு மெல்ல ஒரு சுற்று வாருங்கள். எங்கே நூல் வளைந்து மூடியைப் பார்த்து நீள்கிறதோ அங்கே சந்து இருக்கிறது. அதை அடைத்துவிட்டு மறுபடியும் சுற்றுங்கள். கொத்தனாரின் தூக்குநூல் போல அது சுற்றிலும் நேராகத் தொங்கும்வரை விடாதீர்கள்.