காலி டாங்கியில் ஒளிந்திருக்கும் ஆபத்து

2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காருக்குப் பெட்ரோல் குழாய் மாற்றுகிறீர்களா? டாங்கியின் உள்ளேயும் பார்த்துவிடுங்கள். பாதி காலியான டாங்கியில் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் துளிகளாகப் படியும். பெட்ரோலைவிடக் கனமான நீர் அடியில் தங்கி, தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். அத்துரு புதுக் குழாயையும் அடைத்துவிடும்.

ஆனால், "காலி டாங்கிதானே!" என்று தீக்குச்சி கொளுத்திப் பார்க்காதீர்கள். எரிவது திரவமன்று, காற்றுடன் கலந்த ஆவியே. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே, ஒரு பொறியில் டாங்கி வெடித்துவிடும். நிறைந்த டாங்கியில் காற்றுக்கு இடம் குறைவு. காலி டாங்கியிலோ இரண்டும் உண்டு.

பிறகு எப்படிப் பார்ப்பது? பாட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, டாங்கியை இறக்கித் திறந்த வெளியில் வையுங்கள். பெட்ரோல் அளவுமானி பொருந்தும் துளை வழியே, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்புங்கள். துருச் செதில்கள் தெரிந்தால், டாங்கியைச் சுத்தம் செய்த பின்பே புதுக் குழாயை இணையுங்கள்.